அம்மா நின்ற வாசல்கள்

1

போன மாதம் எங்கள் வீட்டு முன்னால் இருந்த குட்டைச் சுவரை இடித்துவிட்டு, நெஞ்சு உயரத்துக்கு மரவேலி போட்டேன். முழங்கால் உயரம்கூட இல்லாத சுவர் அது. போகிறவர் வருகிறவர் எல்லாம் உட்கார்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சிப்ஸ் பொட்டலத்தை உள்ளே வீசிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் விடுப்பு எடுத்து நானே பலகை அறுத்து நானே அடித்தேன். காஞ்சிபுரத்தில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட ஆளைக் கூப்பிட்டவன் நான். இங்கிலாந்தில் ஆளைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது என்பதால் எல்லாரும் தச்சர், எல்லாரும் பெயின்டர்.

வேலி போட்ட நாலாம் நாள் காலையில் கதவைத் தட்டினார் கென். நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கும் கிழவர். இரும்பு வார்க்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து, நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் பேசவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறு என்று ஒரு விரலைக் காட்டினார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. முழுதாக ஒரு நிமிடம் கழித்துத்தான் வார்த்தை வந்தது.

“வேலி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் என்னுடைய இரண்டாவது நிறுத்தம்.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பேப்பர் கடை வரைக்கும் போய்வருவார். ஒரே மூச்சில் போக முடியாது. பஸ் நிறுத்தத்துக் கம்பம் முதல் நிறுத்தம், எங்கள் சுவர் இரண்டாவது, சர்ச் கம்பி வேலி மூன்றாவது. நடுவில் ஒன்று போனதால் நாலு நாளாகக் கடைக்கே போகவில்லையாம். வீட்டில் உட்கார்ந்தே இருப்பதில் கால்களும் விட்டுப்போகின்றன என்றார்.

“ஆனால் தினமும் என்னோடு பேசத்தானே உட்காருவீர்கள்?” என்று கேட்டேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் “ஆல்ரைட்?” என்பார்கள். அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. திருப்பி “ஆல்ரைட்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நான் அதை நலம் விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டு, முதுகு வலி முதல் பாய்லர் ரிப்பேர் வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீசில் சிரித்துச் சிரித்து என்னைத் திருத்தினார்கள். கென் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. சுவரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்பார். நல்ல மனுஷன், நம் ஊர்க்காரர் மாதிரி என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

கென் இப்போது சிரித்தார். “நீ பேசும்போது நான் மூச்சு வாங்கிக்கொள்வேன். மற்றவர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். உன் கதைகள் நல்ல நீளம்.”

நானும் கூடவே சிரித்து, அவரை உட்காரவைத்து, டீ போட உள்ளே போனேன். கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது காதுக்குள் அம்மாவின் குரல் கேட்டது. “மொதல்லேர்ந்து சொல்லு.” குழாயை மூட மறந்து நின்றேன். இரண்டு வாரத்தில் அம்மாவுடைய ஐந்தாவது வருட திதி.

2

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். வீட்டுப் பின்புறம் பெரிய அண்டா, அதன் அடியில் சவுக்கு விறகு. நூலைக் கோலில் மாட்டி முக்கித் திருப்புவது அப்பா. அடுப்பைப் பார்த்துக்கொள்வது அம்மா. ஈர விறகு என்றால் வீடே தெரியாத அளவுக்குப் புகை. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அம்மா பெரியப்பாவின் சாயப்பட்டறையில் அதே அடுப்பு வேலையைப் பன்னிரண்டு வருடம் செய்தாள். அந்த உழைப்பில்தான் நான் இன்ஜினீயரிங் படித்து, தொண்ணூறுகளின் நடுவில் விமானம் ஏறினேன்.

அம்மா தினமும் இரண்டு நடை நடப்பாள். காலையில் பால் பூத், சாயந்திரம் பிள்ளையார் கோயில். இரண்டும் இரண்டு தெரு தூரத்தில் இருந்தன. நான் போனால் ஐந்து நிமிடம், அம்மா போனால் முக்கால் மணி நேரம்.

முதல் தடவை லீவில் ஊருக்குப் போனபோது பால் தூக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். அடுத்த வீட்டில் ராஜேஸ்வரி அக்கா தறியில் உட்கார்ந்திருக்கும். தெருப்பக்கம் ஜன்னல். அம்மா ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“என்னா ராஜேஸ்வரி, பொண்ணு பாக்க வந்தாங்களாமே?”

“வந்தாங்க, போனாங்க பெரிம்மா.”

“அப்பிடிச் சொன்னா எப்பிடி? மொதல்லேர்ந்து சொல்லு.”

அக்கா தறியை நிறுத்தாமலே ஆரம்பிக்கும். எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள், கேசரியில் முந்திரி இருந்ததா. அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். அங்கிருந்து பத்து வீடு தள்ளித் தையல்காரம்மா. அவர்கள் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை, அதுவும் முதலிலிருந்து. பிறகு மாவு மில் வாசல். பிறகு கோயில் முனையில் பூக்காரம்மா. யாரைப் பார்த்தாலும் அம்மா ஒரு கேள்விதான் கேட்பாள். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லி முடித்துவிட முடியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிநாட்டுக்குப் போய் இரண்டே வருடம் ஆகியிருந்தது. நேரத்தின் அருமை தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு. மாவு மில் வாசலில், நாலு பேர் கேட்கும்படியே கத்தினேன்.

“ஊர் வம்பு பேசறதே வேலையா போச்சும்மா உனக்கு. பால் வாங்க வந்தமா, போனமான்னு இல்ல.”

அம்மா பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். “நாலு பேர விசாரிக்காம போனா நல்லாவா இருக்குது, கண்ணு?” என்றாள்.

மில் கம்பத்தில் கை ஊன்றி, தோள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். கதை கேட்கிற சுவாரசியத்தில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

3

அடுத்த லீவில் அம்மாவின் இருமல் எனக்கே பயமாக இருந்தது. நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார், படம் எடுத்தார். புகையால் வந்த வியாதி, நுரையீரலில் போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். புகை ஆகாது. தினமும் நடக்க வேண்டும், நடையை மட்டும் நிறுத்தக் கூடாது.

நான் முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடக்கவைப்பதற்குக் கூடவே ஆள் இருக்க வேண்டும். புகையில்லாத இடத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

அதே சமயம் விசா விவகாரம் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை ஆறு மாதம் இங்கே கூட்டிவர விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பதற்கு ஆதாரம் போதாதாம். தெரு முனையைத் தாண்டினாலே வீட்டுக்குத் திரும்ப அவசரப்படுகிற பொம்பளைக்கு அப்படி ஒரு கடிதம். அம்மா பெயரில் சொத்து இருந்தால் இரண்டாம் முறை சுலபமாகக் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னார். இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட நகரில் ஒரு மனையை வாங்கி, வீடு கட்டி, அம்மாவைக் குடிவைத்தேன். பழைய வீட்டை வாடகைக்கு விட்டேன்.

முப்பதடி ரோடு. மொத்தம் நாலு வீடு. ஒவ்வொன்றுக்கும் ஆள் உயர காம்பவுண்டு, இரும்பு கேட், நாய் ஜாக்கிரதை பலகை. மரம் கிடையாது. பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கும். வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வருவார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக ஆட்டோ பேசி வைத்திருந்தேன். வெளிநாட்டில் பிள்ளை இருந்தும் தாயார் தூக்கு எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கிறார் என்ற பேச்சு இனி வராது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. அதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விசா இரண்டாம் முறை கிடைத்தது. அதற்கு மேல் விமானக் கம்பெனியின் மருத்துவப் படிவம் ஒன்றைக் கேட்டார்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார், படி ஏறினால் மூச்சு வாங்குமா என்றெல்லாம் கேள்விகள். இங்கே சோபாவில் உட்கார்ந்து, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், நானே பூர்த்தி செய்தேன். நூறு மீட்டர் என்று எழுதினேன். மூச்சு வாங்காது என்று எழுதினேன். காஞ்சிபுரம் டாக்டர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அம்மாவை அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்கவிட்டுப் பார்த்தாராம். அம்மாவின் பயணம் அத்தோடு நின்றது.

4

புது வீட்டுக்குப் போன ஒன்றரை வருடத்தில் அம்மா அப்படி ஆகியிருந்தாள். புகை இல்லை, சாயம் இல்லை, சுத்தமான காற்று. ஆனால் போர்டிகோ நாற்காலியிலிருந்து டிவி நாற்காலிக்கு நடப்பதுதான் ஒரு நாளின் நடை.

நான் விடவில்லை. லீவில் போகும்போது இங்கிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடி நடைக் காலணி வாங்கிப் போனேன். நூல் புடவைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு அம்மா நின்ற கோலம் இருக்கிறதே, வேலைக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய பொருள் பயன்பட வேண்டும். கேட்டைத் திறந்து, முப்பதடி ரோட்டைக் காட்டி, “நடம்மா” என்றேன்.

இருபது அடி நடந்தாள். நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா வந்துட்ட?”

“இங்க எப்பிடி நைனா நடக்கறது?”

“ஏன், ரோடு எவ்ளோ நல்லா இருக்குது பாரு. ஒரு வண்டி இல்ல, கூட்டம் இல்ல.”

“அதான் சொல்றேன். நடுவுல நின்னா என்னான்னு நிப்பேன்? காம்பவுண்டு சுவத்தப் பாத்துக்கினு நிக்கவா? பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?”

“பாக்கறதுக்கு இங்க யாருமா இருக்காங்க?”

“யாரும் இல்லதான்,” என்றாள்.

அன்றைக்கு அவள் வாயைத் திறந்து சொன்னதற்கு மேல் என்ன சொல்லியிருக்க முடியும்? இன்று யோசித்தால் எல்லாமே அந்த இரண்டு வரியில் இருக்கிறது. நான் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் பத்து தரம் கேட் வரை நடக்க வேண்டும் என்று கட்டளை போட்டு, வேலைக்கார அம்மாவை எண்ணச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். என் தங்கை வசந்தாவைப் பழைய தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். “கொஞ்ச நாள் வசந்தா ஊட்டுல இருந்துட்டு வரேன் கண்ணு. ஒரு மாசம். ஒத்துக்கலன்னா திரும்பி வந்துடறேன்.”

“டாக்டர் என்னா சொன்னாரு? புகை ஆகாதுன்னு சொன்னாரா இல்லியா? அந்தத் தெரு பூரா பட்டறப் புகை. தெரிஞ்சே போய் நெருப்புல உக்காரணுமா?”

டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றை வைத்து அம்மாவின் வாயை அடைத்தேன். அவள் மறுபடி கேட்கவேயில்லை. அதற்கடுத்த வருடம் கால்கள் மெலிந்து படுக்கையோடு ஆனாள். மழைக்காலத்தில் சளி இறங்கி, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்து, போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் அந்த வெள்ளைக் காலணி இருந்தது, அடியில் மண்ணே ஒட்டாமல்.

5

கென் டீ குடித்துவிட்டுப் போனதும் வசந்தாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது மத்தியானம்.

“வசந்தா, ஒண்ணு கேக்கறேன். அம்மா தெருவுல ஒவ்வொரு வாசல்லயும் நிக்குமே, அது எதுக்கு?”



“எதுக்குன்னா? மூச்சு வாங்கத்தான். ஏன் இப்போ கேக்கறே?”

“உனக்குத் தெரியுமா?”

“எனக்கு மட்டுமா? தெருவுக்கே தெரியும்ணா. எனக்குக் கல்யாணம் ஆகாத நேரம். இருமினாவே டி.பி.ன்னு கத கட்டிடுவாங்க, பொண்ணு எடுக்க எவனும் வரமாட்டான்னு அம்மாவுக்கு பயம். அதான் கத கேக்கற மாரி நிக்கும். பின்னாடி பழக்கமா பூடுச்சு. யாரும் தெரிஞ்சதா காட்டிக்கல. ராஜேஸ்வரி அக்கா வேணும்னே இழுத்து இழுத்துச் சொல்லும். அம்மா தோளு எறங்கற வரிக்கும் நிறுத்தாது. தையல்காரம்மாவுக்கு ஒரு நாளு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லன்னு பொய்யா ஒரு சண்டைய உண்டாக்கிச் சொல்லிச்சாம்.” சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ தெரிஞ்சுதான் புது ஊட்டுக்குக் கூட்டினு போனன்னு நெனச்சேன். படிச்சவன், நீ எது பண்ணாலும் சரியா இருக்கும்னு அம்மாவும் சொல்லிச்சு.”

மாவு மில் வாசலில் நான் கத்தினபோது அங்கே இருந்தவர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். மில்காரர், வரிசையில் நின்ற இரண்டு பெண்கள், சைக்கிளில் தறிக்குப் பாவு நூல் கட்டிக்கொண்டு போனவர். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை என்பதை அவர்கள் அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

6

அடுத்த சனிக்கிழமை வேலியைப் பிடுங்கினேன். செங்கல் இன்னும் பின்தோட்டத்தில்தான் கிடந்தது. சுவரைத் திரும்பக் கட்டினேன், கொஞ்சம் கோணல்தான். பதினாறு வயது மகள் நித்யா வந்து நின்று, ஏன் போட்டீர்கள், ஏன் பிடுங்குகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். கென் கதையைச் சொன்னேன். அவள் ஆயாவின் கதையையும், அதாவது என் அம்மாவின் கதையையும் சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னேனே டாடி,” என்றாள், அவளுக்கு வருகிற தமிழில்.

சொல்லியிருக்கிறாள். புது வீட்டில் போன் வைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலிங் கார்டு போட்டு அம்மாவோடு பேசுவோம். அம்மா நித்யாவைக் கேட்பாள், “ஸ்கூல்ல என்னா நடந்துச்சு கண்ணு, மொதல்லேர்ந்து சொல்லு.” நித்யாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. “நல்லா இருக்கு ஆயா,” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். மறுபடி பேச வேண்டிய முறை உடனே அம்மாவுக்கு வந்துவிடும். ஒருநாள் நித்யா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள், ஆயா ஓடிவந்து பேசுகிற மாதிரி மூச்சு விடுகிறார்கள் என்று. அப்போது அவளுக்குப் பத்து வயது. லைன் அப்படித்தான் இரையும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என்னிடம் அம்மாவுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. நான்தான் நீளமாகப் பேசுகிறவனாயிற்றே. பனி எப்படிக் கொட்டியது, ஆபீசில் யார் என்ன சொன்னார்கள், கார் எப்படி வழுக்கியது என்று கார்டு தீரும் வரை சொல்வேன். அந்தப் பக்கத்திலிருந்து “ம்” மட்டும் வரும். அம்மாவுக்கு என் கதைகள் என்றால் உயிர் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வேன். தெருவில் இருந்த வாசல்களையெல்லாம் பிடுங்கிவிட்டேன். மிச்சமிருந்த ஒரே வாசல் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு. எனக்கு ஆபீஸ் வேலை ஒன்று பாதியில் நின்றிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டே போன் போட்டேன்.

“இந்த வாரம் என்னா பண்ணே கண்ணு? மொதல்லேர்ந்து சொல்லு.”

“எப்பவும் போலத்தாம்மா,” என்றேன்.

அம்மா காத்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை வரவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது.

“லைன் சரியில்லம்மா, அடுத்த வாரம் பேசறேன்,” என்று வைத்துவிட்டேன்.